ஊரில் பெயர், சூளையில் உடல்: வாக்காளர் பதிவும் தபால் வாக்கும்

2011 ஏப்ரல் 13. 2014 ஏப்ரல் 24. 2016 மே 16. 2019 ஏப்ரல் 18. 2021 ஏப்ரல் 6. 2024 ஏப்ரல் 19. தமிழ்நாடு அண்மைக் காலத்தில் சந்தித்த சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களின் வாக்குப்பதிவு நாள்கள் இவை. எல்லாமே கோடை. அதே கோடைதான் செங்கல் சூளைகளின் பருவமும். பொங்கல் முடிந்ததும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் குழந்தைகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களின் சேரிகளிலிருந்தும் இருளர் குடியிருப்புகளிலிருந்தும் புறப்பட்டுத் திருவள்ளூர், செங்கல்பட்டு சூளைகளுக்குப் போகின்றன. மழை தொடங்கும்போதுதான் அவை திரும்புகின்றன. வாக்குப்பதிவு நாளன்று வாக்குச்சாவடியின் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறது. ஆள்கள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் கல் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவர்களுக்குத் தபால் வாக்கு உண்டா என்று கேட்டால், இன்றைய சட்டப்படி இல்லை. எல்லையில் நிற்கும் படைவீரருக்கு உண்டு. தேர்தல் பணியில் இருக்கும் ஆசிரியருக்கு உண்டு. 85 வயது கடந்தவருக்கு உண்டு. குண்டர் தடுப்புச் சட்டத்தில் சிறை வைக்கப்பட்டவருக்குக்கூட உண்டு. பிழைப்பு தேடி இடம்பெயர்ந்த தொழிலாளிக்கு மட்டும் இல்லை. இந்த இடைவெளி எப்படி உண்டானது, சட்டத்தில் அதை அடைக்க வழி இருக்கிறதா, அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றைப் பார்ப்பதற்கு முன், எல்லாவற்றுக்கும் அடிப்படையான வாக்காளர் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எந்தத் தபாலும் வராது.

பட்டியல் என்பது வெறும் தாள் அல்ல

வெள்ளையர் ஆட்சியில் வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டிருந்தது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமும் இதை மாற்றவில்லை. நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கும் பள்ளி மறுக்கப்பட்டவர்களுக்கும் இந்த அளவுகோல் எதைத் தந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தபோதே அம்பேத்கர் வாக்குரிமைத் தகுதியைத் தாழ்த்தப்பட்டோருக்குத் தளர்த்த வேண்டும் என்று வாதிட்டார். 1928-இல் சைமன் குழுவின் முன் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்றார். அரசமைப்புச் சட்டத்தின் 326-ஆம் பிரிவு அந்தக் கோரிக்கையின் விளைவு. 325-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், மதம், இனம், சாதி, பாலினம் ஆகியவற்றின் பெயரால் எவரையும் பட்டியலிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது. வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைத்தது 61-ஆவது திருத்தம்.

ஆனால் உரிமை அரசமைப்புச் சட்டத்தில் இருப்பதும் பெயர் பட்டியலில் இருப்பதும் வேறு வேறு. 1951-52 முதல் பொதுத் தேர்தலின்போது ஏறக்குறைய 28 இலட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிந்திருந்ததே காரணம். சட்டம் அவர்களுக்கு வாக்கைத் தந்தது, பட்டியல் தரவில்லை. அன்று பெயர் இல்லாமல் வாக்கு போனது. இன்று கதவு எண் இல்லாமலும் பட்டா இல்லாமலும் போகிறது.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றத் தொகுதியின் பட்டியலிலிருந்தே தயாராகிறது. ஊராட்சித் தலைவராகவோ வார்டு உறுப்பினராகவோ போட்டியிட வேண்டுமானால் அந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலைவர் பதவியை நிரப்ப விடாமல் தடுத்த வரலாற்றையும், 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அங்கெல்லாம் தடை வெளிப்படையாக, அரிவாளோடு வந்தது. பட்டியலிலிருந்து ஒரு பெயர் சத்தமில்லாமல் நீங்கினாலும் விளைவு அதேதான்: தனி ஊராட்சியில் நிற்க வேண்டியவர் நிற்க முடியாமல் போவார்.

‘சாதாரணமாக வசிப்பவர்’ யார்?

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இரண்டே நிபந்தனைகளை வைக்கிறது: தகுதி நாளன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும், தொகுதியில் சாதாரணமாக வசிப்பவராக இருக்க வேண்டும். சிக்கல் முழுவதும் இரண்டாவது நிபந்தனையில்தான்.

20-ஆம் பிரிவு இதை விளக்குகிறது. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டுமே ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். அப்படியானால் வீடு சொந்தமாக இல்லாததால் மட்டுமே ஒருவர் வசிக்காதவர் ஆகிவிடவும் மாட்டார் என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரிடம் பட்டா கேட்பதற்கு இச்சட்டத்தில் இடமில்லை. அடுத்து வரும் 20(1ஏ) உட்பிரிவு நம் மக்களுக்கு மிக முக்கியமானது: வழக்கமாக வசிக்கும் இடத்திலிருந்து தற்காலிகமாக வெளியே சென்றிருப்பவர், அதன் காரணமாகவே அங்கு வசிப்பவர் என்னும் நிலையை இழப்பதில்லை. ஆறு மாதம் சூளைக்குப் போய்த் திரும்புபவர், கரும்பு வெட்டப் போய்த் திரும்புபவர், கட்டட வேலைக்குப் பெங்களூர் சென்று விழாவுக்கு விழா வருபவர் ஆகிய அனைவருக்கும் கேடயம் இதுவே.

வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது, பக்கத்தில் கேட்டால் ‘வெளியூர் போயிட்டாங்க’ என்றார்கள், உடனே ‘இடம்பெயர்ந்தவர்’ என்று குறித்தாயிற்று என்பது சட்டத்துக்கு ஒவ்வாத நடைமுறை. பக்கத்தில் என்பது எந்தத் தெரு, அங்கே பதில் சொன்னவர் யார் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்த இடத்தில்தான் பெரும் சேதத்தை உண்டாக்கியது. 2025 ஜூனில் பீகாரில் தொடங்கிய இப்பணியில் வரைவுப் பட்டியலிலிருந்து 65 இலட்சம் பெயர்கள் விடுபட்டன. விடுபட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அது பொதுவெளிக்கு வந்தது. ஆதாரை ஏற்கத்தக்க பன்னிரண்டாவது ஆவணமாகச் சேர்க்கச் சொல்லி செப்டம்பர் 8 அன்று இன்னோர் ஆணையும் தேவைப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவில் ஏறக்குறைய 97 இலட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் மிகப் பெரிய பகுதி இறந்தவர்கள் அல்லர். இடம்பெயர்ந்தவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களே. உண்மையிலேயே நகரத்தில் குடியேறிவிட்டவர்கள் அதில் நிறைய இருப்பார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குடியேறியவரையும் கூலிக்குப் போனவரையும் ஒரே கட்டத்தில் அடைத்த பட்டியல் அது. கோரிக்கைகளும் ஆட்சேபங்களும் தருவதற்கான காலமோ, சூளைக் குடும்பங்கள் மூட்டை கட்டும் பொங்கலைத் தொட்டு நின்றது.

பெயர் சேர்க்க

புதிதாகச் சேருவோருக்குப் படிவம் 6. தொகுதி மாற்றம், பிழை திருத்தம், மாற்றுத்திறனாளி என்ற குறிப்பைச் சேர்த்தல் ஆகிய அனைத்துக்கும் படிவம் 8. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ நேரில் தரலாம்; தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலும் செயலியிலும் பதியலாம். 1950 என்ற எண்ணில் உதவி பெறலாம். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்ப வேண்டாம். பின்னால் மேல்முறையீடு என்று வரும்போது கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள். 2021-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு நாள்கள். 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஆகவே கல்லூரி முதலாண்டு மாணவர் எவரும் இன்னும் காலம் வரவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிப்போர் சொந்த ஊரிலோ விடுதி முகவரியிலோ எங்கு வேண்டுமானாலும் பதியலாம்; அங்கீகரிக்கப்பட்ட, ஓராண்டுக்குக் குறையாத படிப்பாக இருக்க வேண்டும், கல்லூரி முதல்வரின் சான்று வேண்டும். எதைத் தேர்வது? விடுதியில் வாக்களிப்பது எளிது. ஆனால் உங்கள் ஊராட்சி தனி ஊராட்சியாகவோ, உங்கள் வார்டு பத்துப் பதினைந்து வாக்கில் முடிவாகும் வார்டாகவோ இருந்தால், பேருந்துச் செலவைப் பார்க்காமல் ஊரில் பெயரை வைத்திருப்பதே மேல் என்பது என் கருத்து. இரண்டு இடத்திலும் வைத்திருக்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். 17, 18-ஆம் பிரிவுகள் அதைத் தடுக்கின்றன. தெரிந்தே பொய்யான உறுதிமொழி தந்தால் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. சூளை முதலாளியோ உள்ளூர்க் கட்சிக்காரரோ ‘இங்கேயும் ஒரு படிவம் போட்டுவிடு’ என்று தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கினால், மாட்டிக்கொள்பவர் கையெழுத்திட்டவரே.

முகவரிச் சான்றாக மின் கட்டண ரசீது, எரிவாயு ரசீது, வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், ஆதார், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம் போன்றவற்றைக் கேட்கிறார்கள். இவற்றில் எதுவும் இல்லாத குடும்பம் என்ன செய்வது? எதுவுமே இல்லையென்றால் அலுவலர் நேரில் வந்து விசாரித்து உறுதி செய்ய வேண்டும். வீடற்றவர்களுக்கு ஆணையத்தின் வழிகாட்டுதல் இன்னும் தெளிவானது: படிவத்தில் குறித்த இடத்தில் அவர் உறங்குகிறாரா என்பதை அலுவலர் இரவில் சென்று பார்த்து உறுதி செய்தால் போதும், ஆவணம் தேவையில்லை. எண் இல்லாத வீட்டுக்குக் கற்பனை எண்ணோ பூஜ்யமோ தரும் வழக்கமும் இருக்கிறது. ஒரு சேரியில் இருபது வீட்டுக்கும் பூஜ்யம் என்று இருந்தால் அது போலிப் பதிவின் அடையாளம் என்று தொலைக்காட்சி விவாதங்களில் கூச்சலிடுகிறார்கள். அந்த வீடுகளுக்கு இத்தனை ஆண்டுகளாகக் கதவு எண் தராத ஊராட்சியைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. ஆதார் எண் தர இயலாமைக்கு ஏற்கத்தக்க காரணம் இருந்தால் அதற்காக விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று 23-ஆம் பிரிவே சொல்கிறது.

வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. விண்ணப்பத்தின் மீது ஆட்சேபம் கேட்க ஒரு வார காலம் விட வேண்டியிருப்பதால், மனு தாக்கல் முடிவதற்குக் குறைந்தது பத்து நாள்கள் முன்பே படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு முகாம் நடத்துவதைவிட, சூளைக்குக் கிளம்பும் முன் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் உட்கார்ந்து பட்டியலைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பது பயன் தரும்.

பெயர் நீக்கப்பட்டால்

படிவம் 7 என்பது நீக்கக் கோரும் படிவம். அதே தொகுதியின் வாக்காளர் எவரும் மற்றொருவரின் பெயரை எதிர்த்துத் தரலாம். நல்ல நோக்கத்துக்காக வைத்த வழி, ஒரு தெருவையே குறிவைக்கும் கருவியாகவும் மாறக்கூடும். ஆனால் படிவம் வந்தவுடன் பெயரை எடுத்துவிட முடியாது. சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்பு தந்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 22-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் பதிவு முறையாகவே நடந்திருக்கும் என்று கருத வேண்டும், சந்தேகத்தின் பேரில் நீக்கக் கூடாது என்பதை 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. நீக்கினால் 15 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் தோற்றால் 30 நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது மேல்முறையீடு.

இங்கே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ தீங்கு நேரும்படி அரசு ஊழியர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்துவதற்காக அவரிடம் பொய்த்தகவல் தருவது, 3(1)(கியூ) பிரிவின்படி குற்றம். உயிரோடு ஊரில் இருப்பவரை ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்த படிவம் 7 இந்தப் பிரிவுக்குள் வரும் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. நம் வழக்கறிஞர்கள் இதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும்.

தபால் வாக்கு யாருக்கு?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் காரணம் எதுவும் சொல்லாமலேயே தபால் வாக்குச் சீட்டைக் கேட்டுப் பெறலாம். இந்தியாவில் அப்படியில்லை. இங்கே அது ஒரு விதிவிலக்கு. எந்த வகையினருக்கு என்பதைச் சட்டமும் விதிகளும் வகுத்திருக்கின்றன. இராணுவத்தினரும் வெளிநாட்டில் பணியாற்றும் அரசு ஊழியரும் பணி வாக்காளர்கள். தேர்தல் பணியில் இருப்போர் படிவம் 12 தந்து பெறலாம். அரசு ஊழியர்கள் மட்டுமன்றி, தாம் வாக்களிக்க வேண்டிய சாவடியை விட்டு வேறு சாவடியில் உட்காரும் வாக்குச்சாவடி முகவரும் இவ்வகையில் அடங்குவார். நம் தோழர்கள் பலர் முகவராக உட்கார்ந்து தம் வாக்கைத் தொலைக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டால் அது நேராது.

அடுத்தது படிவம் 12டி. 85 வயது கடந்தோர், 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் கொண்டோர், ஆணையம் அறிவிக்கும் இன்றியமையாப் பணிகளில் இருப்போர் ஆகியோருக்கானது. முதல் இரு வகையினருக்கு அலுவலரே வீட்டுக்கு வந்து படிவம் தந்து பெற்றுச் செல்ல வேண்டும். தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். ஏற்கப்பட்டால், அலுவலர்கள் குழு ஒன்று வாக்குப்பதிவுக்கு முன்பே வீட்டுக்கு வரும். காவலரும் ஒளிப்பதிவாளரும் உடன் வருவர். வாக்காளர் மறைவாகக் குறியிட்டு உறையில் இட்டு ஒட்டித் தர வேண்டும். முதல் முறை ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், அதோடு சரி. ஒருமுறை இவ்வழியைத் தேர்ந்தவர் பிறகு வாக்குச்சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது.

மாற்றுத்திறனாளிகள் இதில் ஒரு படியைத் தவறவிடுகிறார்கள். சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. பட்டியலிலும் மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு இருக்க வேண்டும். அதைப் படிவம் 8 மூலம் முன்பே செய்து வைத்திருக்க வேண்டும். சான்றிதழ் வாங்கவே மாவட்டத் தலைநகரத்துக்கு நாலு நடை நடக்க முடியாமல் கிடக்கும் கூலிக் குடும்பத்து முதியவருக்கு இந்த வசதி ஏட்டளவில்தான் இருக்கிறது. வயது வரம்பிலும் ஒரு செய்தி மறைந்திருக்கிறது. 2019-இல் 80 ஆக இருந்த வரம்பு 2024 மார்ச்சில் 85 ஆக உயர்த்தப்பட்டது. பட்டியல் சாதியினரின் சராசரி ஆயுள் உயர்சாதியினரின் ஆயுளைவிடக் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாதி பெயரைச் சொல்லாத ஒரு விதியும் சாதிவாரியாக எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

சிறைவாசிகளின் நிலை இன்னும் விசித்திரமானது. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62(5) பிரிவு, தண்டனைக் கைதிகளை மட்டுமன்றி விசாரணைக் கைதிகளையும் வாக்களிக்க விடுவதில்லை. குற்றம் நிரூபிக்கப்படாமல், பிணைக்குப் பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே இருப்பவர்களில் தலித்துகளும் பழங்குடியினரும் தம் மக்கள்தொகை விகிதத்துக்கு மேல் இருக்கிறார்கள். இந்தப் பிரிவு செல்லும் என்று 1997-இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இத்தடை இல்லை. குண்டர் தடுப்புச் சட்டம் தடுப்புக் காவல் சட்டமே. ஆகவே அச்சட்டத்தில் அடைக்கப்பட்ட நம் இளைஞர்களுக்குத் தபால் வாக்கு உண்டு. தேர்தல் அறிவிக்கை வந்த 15 நாள்களுக்குள் அரசு அவர்கள் பெயரைத் தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்பத்தாரோ வழக்கறிஞரோ சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்; கேட்காமல் நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

திறந்து கிடக்கும் கதவு: 60(சி)

இனி சூளைத் தொழிலாளியிடம் திரும்புவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டுக்குள் இடம்பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கும் மேல். திருமணத்தால் இடம் மாறிய பெண்களும் இதில் அடக்கம் என்றாலும், கூலிக்காகப் போனவர்கள் மட்டுமே பல கோடி. 2022 டிசம்பர் இறுதியில் தேர்தல் ஆணையம் தொலைதூர வாக்குப்பதிவு எந்திரத்தின் மாதிரி ஒன்றை அறிவித்தது. ஓர் எந்திரத்தில் 72 தொகுதிகளைக் கையாளலாம் என்றது. 2019-இல் 30 கோடிப் பேர் வாக்களிக்கவில்லை என்பதைத் தன் கவலையாகவும் குறிப்பிட்டது. கட்சிகளின் எதிர்ப்புக்குப் பிறகு அம்முயற்சி முடங்கியது. எந்திரத்தின் மீதான ஐயங்களை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எந்திரம் வேண்டாம் என்று சொன்ன கட்சிகளில் எதுவும், அப்படியானால் இத்தொழிலாளி எப்படி வாக்களிப்பார் என்று சொல்லவில்லை.

புதிய எந்திரம் இல்லாமலும் வழி இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 60(சி) பிரிவு, அரசோடு கலந்து ஆணையம் அறிவிக்கை செய்யும் எந்த வகையினரும் தபாலில் வாக்களிக்கலாம் என்கிறது. நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. அறிவிக்கையும் விதித் திருத்தமும் போதும். மூத்தோருக்கு 2019-இல் விதி திருத்தி அதே ஆண்டு ஜார்க்கண்ட் தேர்தலில் நடைமுறைப்படுத்தினார்கள். 2020 ஜூனில் கொரோனா நோயாளிகளைச் சேர்த்துச் சில மாதங்களில் பீகார் தேர்தலை நடத்தினார்கள். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்குத் தபால் வாக்கும், அவர்கள் வாழும் ஊர்களில் சிறப்புச் சாவடியும் ஏற்படுத்தினார்கள். இவை எல்லாம் சரியான செயல்களே. வன்முறையால் இடம்பெயர்ந்தவரின் வாக்கைக் காக்கத் தெரிந்த அரசு, நிலமின்மையாலும் முன்பணத்தாலும் இடம்பெயர்ந்தவரின் வாக்கைக் காக்க ஏன் முன்வரவில்லை என்பதே நம் கேள்வி.

ஆனாலும் ‘சூளைக்குத் தபால் வாக்கு அனுப்பு’ என்று மட்டும் கேட்பது ஆபத்தானது. வாக்குச்சாவடியின் அட்டை மறைப்புக்குள் நிற்கும் அந்த அரை நிமிடம், முதலாளியோ மேஸ்திரியோ ஊர் நாட்டாமையோ எட்டிப் பார்க்க முடியாத அரை நிமிடம். நம் மக்கள் இரகசிய வாக்குக்குக் கொடுத்த விலை பெரிது. 1999-இல் சிதம்பரம் தொகுதியில் தங்களுக்குப் பிடித்த வேட்பாளருக்கு வாக்களித்ததற்காகச் சேரிகள் எரிந்தன. முன்பணக் கடனில் இருப்பவரின் தபால் உறை சூளை அலுவலகத்துக்கு வந்தால், அதை ஒட்டுபவர் யார் கையாக இருக்கும்? ஆகவே கோரிக்கையைத் துல்லியமாக வைக்க வேண்டும். 60(சி) பிரிவின்கீழ்ப் பருவகாலத் தொழிலாளரை ஒரு வகையினராக அறிவிக்க வேண்டும். வாக்குச் சீட்டை அவர்கள் சூளை வளாகத்தில் அல்லாமல், அருகிலுள்ள வட்டாட்சியர் அலுவலகத்திலோ அரசுப் பள்ளியிலோ அமைக்கும் வசதி மையத்தில், தேர்தல் அலுவலர் முன்னிலையில் குறியிட்டுப் பெட்டியில் இட வேண்டும். தேர்தல் பணியாளர்களுக்கு இப்படிப்பட்ட மையங்கள் ஏற்கெனவே இயங்குகின்றன.

அதுவரை: விடுமுறை என்னும் ஆயுதம்

அறிவிக்கை வரும்வரை மக்கள் ஊருக்குப் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். அதற்கும் சட்டம் இருக்கிறது. 135பி பிரிவின்படி வாக்குப்பதிவு நாளன்று ஊதியத்துடன் விடுமுறை தர வேண்டும், தினக்கூலிக்கும் பொருந்தும். வேலை செய்யும் தொகுதியும் வாக்குள்ள தொகுதியும் வேறாக இருந்தாலும் பொருந்தும் என்பதை ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. மீறும் முதலாளிக்குத் தண்டனை? அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம். ஒரு குடும்பம் ஒரு நாள் அறுக்கும் கல்லின் மதிப்புக்குக்கூட வராத தொகை. தொழிலாளி இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் இழப்போ நேரும் பணிகளுக்கு விலக்கும் உண்டு. சூளையில் நெருப்பு அணையக் கூடாது என்று முதலாளிகள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். நெருப்பைப் பார்ப்பவர் சிலர். கல் அறுப்பவர்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

ஆனால் ‘போனால் முன்பணத்தைத் திருப்பிக் கொடு’, ‘பிள்ளையை விட்டுவிட்டுப் போ’ என்று மிரட்டி ஒரு தலித் அல்லது இருளர் குடும்பத்தை வாக்களிக்கவிடாமல் தடுத்தால், அது 500 ரூபாய் விவகாரம் அல்ல. மிரட்டுபவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருக்கும்போது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எல்) பிரிவு பொருந்தும்: ஆறு மாதத்துக்குக் குறையாத, ஐந்தாண்டு வரை நீளக்கூடிய சிறை. முன்பணத்தைக் காட்டிப் போகவிடாமல் வைப்பது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழும் வரும். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர்களிடம் மூன்று சட்டங்களையும் குறிப்பிட்டு மனு கொடுக்க வேண்டும். எந்தச் சூளையில் எந்த ஊரைச் சேர்ந்த எத்தனை வாக்காளர்கள் இருக்கிறார்கள் என்ற பட்டியலை அதோடு இணைக்க வேண்டும். மிரட்டலுக்கு ஆளாகக்கூடிய குடியிருப்புகளைத் தேர்தலுக்கு முன் கண்டறிந்து குறிக்கும் கடமை ஆணையத்தின் நடைமுறையிலேயே உள்ளது. ஊர்களை மட்டும் குறிக்கும் அந்த வரைபடத்தில் சூளைகளையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்க, தை மாதம் மேஸ்திரியின் வண்டி சேரிக்குள் வரும் காலையில், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இரண்டு மாணவர்கள் அங்கே நின்றால் போதும்.